சிவப்பு டேப்புக்குப் பின்னால்

திரையில் மீரா உசேனின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது.

பன்னிரண்டு அடி அகல எல்.இ.டி. திரை. ஷார்ஜாவில் ஓர் அறையில், இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக உட்கார்ந்து "எல்லாரும் வந்தாச்சா" என்று கேட்கத் தொடங்கியவர், பாதி வார்த்தையில் அசைவற்றுப் போனார். குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. நாகூர் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த முந்நூறு ஆண்களும், அசையாத வாயிலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டார்கள். "காக்கா, இங்க படம் நிக்கிது. நீங்கள்லாம் பொம்ம மாதிரி இருக்கீங்க. நஜ்மா இருக்குற பக்கம் ஒண்ணுமே தெரியலையே." அவர் காக்கா என்று கூப்பிட்ட அண்ணன் அப்துல் ஹமீது, மேடையருகே நின்றிருந்தவர், மெதுவாகத் திரும்பினார். அவர் பார்வை நடையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த சகாயராஜின் மேல் வந்து விழுந்தது.

சகாயராஜ் குத்தாலம் கடைவீதியில் 'சகாயம் டிஜிட்டல்' என்று போர்டு மாட்டி, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மாதா கோயில் தேர்பவனிக்கும் வீடியோ எடுப்பவன். மூன்று வருடமாக நேரலையும் உண்டு. அன்று விடியற்காலையில் வேனைக் கிளப்பி, சம்பா அறுவடை நெல் பாதி ரோட்டை அடைத்துக் காய்ந்துகொண்டிருந்ததால் மாட்டுவண்டி வேகத்தில் காரைக்கால் வழியாக வந்து சேர்ந்து, எட்டு மணிக்கெல்லாம் எல்லாவற்றையும் பூட்டி முடித்திருந்தான். வேலையில் கெட்டிக்காரன். ஆனால் ஒரு பலவீனம் உண்டு. அந்தப் பலவீனத்தின் பெயர் கார்டு. கம்ப்யூட்டருக்குள் படத்துக்கென்றே தனியாகச் செருகும் கிராஃபிக்ஸ் கார்டு. செங்கல் பருமனில், இரண்டு விசிறிகளோடு, பக்கவாட்டில் பச்சை விளக்கு எரிய அது வந்து சேர்ந்த நாளிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு யார் வந்தாலும் கேபினட்டின் கண்ணாடிப் பக்கத்தைத் திருப்பி வைத்துக் காட்டுவான். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கும் காட்டுவான்.

இப்போது அந்தக் கார்டு அரிசி மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. மானிட்டரின் ஓரத்தில் அதன் உழைப்பைக் காட்டும் கட்டத்தில் நூறு சதவிகிதம் என்று இருந்தது. நூறுக்கு மேல் அதனிடம் கேட்க முடியாது.

யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஒத்துக்கொண்டபோது வேலை சின்னதாகத்தான் இருந்தது. ஆண்கள் கூடத்தில் நடப்பது திரையில் தெரிய வேண்டும். ஷார்ஜாவிலிருந்து மீரா உசேன் முகமும் தெரிய வேண்டும். அவ்வளவே. மகள் நிக்காஹுக்கு வர அவர் டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்து, இப்போதைக்கு விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் இடத்தில் நின்று பெண்ணைக் கொடுக்க அண்ணனுக்குப் போனிலேயே வக்காலத்து கொடுத்துவிட்டார். மார்க்கப்படி ஒரு குறையும் இல்லை. குறை நஜ்மாவின் மனசில்தான் இருந்தது. காலையில் பெண்கள் கூடத்தில் கேமரா வைக்கப் போன சகாயராஜின் மனைவி பாத்திமா மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். "அக்கா, பெரியவாப்பாவும் சாட்சிக்காரங்களும் வந்து சம்மதமான்னு கேக்குறப்ப வாப்பா முகம் என் முன்னாடி இருக்கணும். வாப்பாவும் என்ன பாக்கணும். இல்லன்னா எனக்கு நாக்கே எழாது."

அதற்காகப் பெண்கள் கூடத்தில் ஒரு டிவி வைக்கப்பட்டது. மேரியின் கேமராவும் ஷார்ஜாவுக்கு இணைக்கப்பட்டது. இங்கேதான் ஒரு சிக்கல். மணப்பெண்ணின் படம் ஆண்கள் கூடத்துத் திரையில் தப்பித் தவறியும் வரக்கூடாது. அது அந்த வீட்டுப் பழக்கம். ஆகவே திரைக்கு ஒரு படம், ஷார்ஜாவுக்கு வேறொரு படம். ஒரே உலையில் இரண்டு சோறு. பெண்கள் பக்கத்துப் படம் தெரிகிற மானிட்டரைக்கூட சகாயராஜ் பார்க்க மாட்டான். அது பெண்கள் கூடத்து வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அதைக் கவனிப்பது மேரியின் பொறுப்பு. இப்படி வேலை இரண்டு மடங்கானதும் சகாயராஜ் அசரவில்லை. "கார்டு பாத்துக்கும்" என்றான். பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இப்போது திரையில் நின்றது.

மேரி பெண்கள் கூடத்தின் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நடைக்கு வந்தாள். கழுத்தில் ஹெட்போன், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள்.

"அவருக்குப் பொண்ணு படம் போகவே இல்லீங்க. நாலு நிமிஷமா ஆம்பளைங்க பக்கத்துப் படம்தான் அப்படியே நிக்கிதாம்."

"டிவிய கழட்டிடலாம்" என்றான் சகாயராஜ். "பொம்பளைங்க பக்கம் டிவியும் வேணாம், அந்தக் கேமராவும் வேணாம். மேடைய மட்டும் அனுப்புனா கார்டு மூச்சு விட்டுக்கும்."

"அந்த டிவிக்காகத்தானே இவ்வளவும்."

"முந்நூறு பேரு திரையப் பாத்துக்கிட்டு இருக்காங்க மேரி. மானம் போகுது."

"ஒருத்தி டிவியப் பாத்துக்கிட்டு இருக்கா" என்றாள் மேரி. அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கேபினட்டின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். "டேப்ப பிரிச்சிடலாமா?"

சகாயராஜுக்கு முகம் சிவந்தது. அந்த டேப்பின் கதை அப்படி.

கம்ப்யூட்டரின் முதுகில் படம் வருகிற துளைகள் இரண்டு இடத்தில் இருக்கும். கீழே, கார்டின் துளைகள். மேலே, மதர்போர்டிலேயே இருக்கும் துளை. பிராசசருக்குள்ளேயே குடியிருக்கிற, தனியாகக் காசு கொடுத்து வாங்காத கிராஃபிக்ஸ் அதன் வழியாகப் படம் தரும். ஆன்போர்டு என்பார்கள். கார்டு போட்டுவிட்டால் அது தன்பாட்டுக்குத் தூங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் குத்தாலத்திலேயே ஒரு கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்துக்கு அரை மணி இருக்கும்போது மானிட்டர் கறுப்பாக நின்றது. சகாயராஜ் பெட்டியைத் திறந்தான். ரேமைக் கழற்றி ரப்பர் வைத்துத் தேய்த்தான். ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினான். வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்குப் போன் போட்டால், எடுத்தவுடன் மேரி கேட்டது ஒரே கேள்வி: "கேபிள எந்த ஓட்டையில சொருவியிருக்கீங்க?" குனிந்து பார்த்தான். கேபிள் ஆன்போர்டில் இருந்தது. மறுநாள் கடைக்கு வந்ததும் முதல் வேலையாக, அந்தத் துளையை மூன்று சுற்று சிவப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டி, மேலே மார்க்கரால் 'தொடாதே' என்று எழுதினான். மெஷினின் செட்டிங்ஸுக்குள் போய் அதை அணைத்தும் வைத்தான். தப்பு செய்தது இவன். தண்டனை அனுபவித்தது அந்த ஓட்டை.

"அதுல என்ன ஆவும்? சும்மா வர்றது அது" என்றான் இப்போது.

"சும்மா வர்றதுலதான் ஏழு வருஷம் கல்யாணம் கல்யாணமா எடிட் பண்ணேன்."

உண்மைதான். கார்டு இல்லாத பழைய பெட்டியில், மூத்த மகள் பள்ளிக்கூடம் போன பிறகு உட்கார்ந்து, மேரிதான் எல்லா வீடியோவையும் வெட்டி ஒட்டினாள். படம் எங்கே திக்கும், எதைச் சின்னதாக்கினால் ஓடும், எந்த வேலையை அந்த ஆன்போர்டிடம் கொடுத்தால் முகம் சுளிக்காமல் செய்யும் என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். படம் ஓட்டிக் காட்டுவதில் அது நோஞ்சான். ஆனால் படத்தைச் சுருக்கி வெளியே அனுப்புவதில் சூரன் என்பது அவள் கணக்கு. புது மெஷின் வாங்கத் தஞ்சாவூர் போனபோது கடைக்காரர், ஆன்போர்டு இல்லாத பிராசசர் விலை குறைவு, எப்படியும் கார்டு போடத்தானே போகிறீர்கள் என்றார். சகாயராஜ் தலையாட்டிவிட்டான். மேரிதான், "இருக்கட்டுங்க, கார்டு ஒரு நாளைக்கு மக்கர் பண்ணா முகம் பாக்கவாச்சும் ஒண்ணு வேணாமா" என்று பிடிவாதமாக நின்றாள். பிறகு கார்டு வந்தது. அதன் முன்னால் சகாயராஜ் உட்கார்ந்தான். மேரி கேமராவுக்குப் போனாள். அழைப்பிதழ் மாதிரி பளபளவென்று அடித்த விசிட்டிங் கார்டில் அவன் பெயர் மட்டும் இருந்தது. அதை இதுவரை அவன் யோசித்ததே இல்லை. இந்த நேரத்தில் ஏன் ஞாபகம் வருகிறது என்று அவனுக்கே எரிச்சலாக இருந்தது.

"என்ன பண்ணணும்?" என்றான்.

"பொண்ணு படத்த ஷார்ஜாவுக்கு அனுப்புற வேலைய ஆன்போர்டுக்குக் குடுத்துடலாம். என் மானிட்டரையும் அதுலயே சொருவிக்கிறேன். கார்டு மத்தத மட்டும் பாக்கட்டும். ரெண்டும் சேந்தே ஓடும்ங்க. ஆனா மெஷின அணைச்சுட்டுப் போடணும்."

"அணைக்கிறதா? திரையயா?"

"பத்து நிமிஷம் கறுப்பா இருக்கும்."

சகாயராஜ் திரையைப் பார்த்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நிக்காஹ் நடத்திவைக்க வந்திருந்த ஹஜ்ரத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பன்னிரண்டு மணிக்கு நாகப்பட்டினத்தில் இன்னொரு நிக்காஹ். அதை வந்தவுடனே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மணி பதினொன்று பத்து. அணைத்து, திரும்ப வரவில்லையென்றால்? இப்போதாவது குரல் வருகிறது. அதுவும் போய்விடும். இந்த ஊரில் மட்டுமல்ல, காரைக்கால் வரைக்கும் பேர் கெட்டுவிடும். அவன் மேரியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே தரையில் உட்கார்ந்து, புடவையிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி, டேப்பின் விளிம்பை நெம்பத் தொடங்கியிருந்தாள்.

இனி அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான் பாக்கி. மேடைக்குப் போய் விஷயத்தைச் சொல்ல வேண்டும். மேடைக்குப் போகிற அந்த இருபது தப்படியில் மூன்று பொய்களைத் தயார் செய்தான். கரண்ட் ஏறி இறங்குகிறது. ஷார்ஜாவில் நெட் சரியில்லை. செயற்கைக்கோள் என்று ஏதாவது சொன்னால் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அப்துல் ஹமீது அவனை நோக்கி இரண்டடி வந்தார். தம்பி பெண்ணைத் தன் பெண்ணாக எண்ணி ஒரு மாதமாக அலைந்த மனிதர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"என்ன தம்பி?"

அந்த முகத்திடம் சொல்லும்படியாக மூன்றில் ஒரு பொய்யும் இல்லை.

"என் மெஷின்ல தப்புங்க. நான் ஒரேடியா அதுமேல பாரத்த ஏத்திட்டேன். அணைச்சுட்டுப் போடணும். பத்து நிமிஷம் குடுங்க, என் வீட்டுக்காரங்க சரி பண்ணிடுவாங்க."

"அந்த அம்மாவா?"

"எனக்குத் தெரிஞ்சதவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும்."

சொன்ன பிறகு அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. முந்நூறு பேர் கூடிய மண்டபத்தில் வந்து சொல்லியிருக்கிறான். அப்துல் ஹமீது ஒரு கணம் யோசித்தார். பிறகு ஹஜ்ரத்தின் காதில் குனிந்தார். ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு மைக்கைக் கையில் எடுத்தார். "அதுவரைக்கும் இல்லறத்தப் பத்தி ரெண்டு வார்த்த பேசிடுறேன்" என்றார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. அவருடைய இரண்டு வார்த்தையின் நீளம் நாகூருக்கே தெரியும்.

சகாயராஜ் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தான். திரை கறுப்பாகியிருந்தது. டேப்பில் இரண்டு சுற்று பிரிந்துவிட்டது. மூன்றாவது சுற்று, இரண்டு வருட வெயிலும் வேன் சூடும் சேர்ந்து, பசையாகிப் போயிருந்தது. துளையின் விளிம்பெல்லாம் பிசுக்கு. கேபிளை வைத்தால் உள்ளே போகாமல் வழுக்கியது.

"மண்ணெண்ண இருந்தா ஒரு சொட்டு போதும்" என்றாள் மேரி.

கல்யாண மண்டபத்தில் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? சகாயராஜ் சுற்றும் முற்றும் பார்த்தான். மண்டப வாசலில் ஒரு பெரியவர், வருகிறவர்கள் புறங்கையில் அத்தர் தடவிக்கொண்டிருந்தார். அதற்குள்ளும் எண்ணெய்தானே என்று அவன் நினைப்பதற்குள் மேரியே, "அத்தர் வாங்கிட்டு வாங்க" என்றாள். பெரியவர் அவன் கையைப் பிடித்துத் தடவப் போனார். "எனக்கில்லீங்க பெரியவரே, மெஷினுக்கு" என்றதும் அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, பஞ்சு சுற்றிய ஒரு குச்சியை நனைத்துக் கொடுத்தார்.

மேரி அந்தக் குச்சியால் துளையின் ஓரத்தை, உள்ளே ஒரு சொட்டும் இறங்காதபடி துடைத்தாள். குழந்தையின் காதைத் துடைக்கிற பதம். பசை உருண்டு உருண்டு வந்தது. முந்தானையால் ஒரு தரம் ஒற்றி எடுத்தாள். பிறகு மெஷினைப் போட்டு, ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருந்து, சகாயராஜ் இரண்டு வருடம் முன்பு அணைத்து வைத்த இடத்துக்கு நேராகப் போனாள். தேடவில்லை. வீட்டில் உப்பு டப்பா இருக்கிற இடத்துக்குக் கை போகிற மாதிரிப் போனாள். ஒரே ஒரு வரி மாறியது. திரும்பவும் அணைத்துப் போட்டாள். தன் மானிட்டரின் கேபிளை மேல் துளையில் செருகினாள்.

மானிட்டர் கறுப்பாக இருந்தது.

ஹஜ்ரத் மைக்கில், கணவன் மனைவி ஒருவருக்கொருவர் ஆடை என்று விளக்கிக்கொண்டிருந்தார். சகாயராஜ் மாதாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். பெட்டியைத் திறந்து ரேமைக் கழற்றலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. மேரி கேபிளை வெளியே இழுத்தாள், நுனியைப் பார்த்தாள், புடவையில் துடைத்தாள், இந்த முறை கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள்.

மானிட்டரில் வெளிச்சம் வந்தது. அடுத்து கார்டின் பக்கம் எல்.இ.டி. திரையில் வெளிச்சம் வந்தது. பெண்கள் கூடத்து டிவியும் எழுந்ததை, உள்ளேயிருந்து வந்த சத்தம் சொன்னது. இரண்டு இடத்திலிருந்தும் ஒரே பெட்டி படம் தந்துகொண்டிருந்தது. சகாயராஜ் இதை இதற்கு முன் பார்த்ததில்லை. ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்காது என்றே நம்பியிருந்தவன் அவன். மேரி மளமளவென்று வேலையைப் பிரித்தாள். இது இதற்கு, அது அதற்கு. பந்தியில் யார் சோறு, யார் குழம்பு என்று பிரிக்கிற மாதிரி, ஒரு குழப்பம் இல்லை, ஒரு தடவை கை திரும்பிப் போகவில்லை. அவள் விரல்கள் போகிற வேகத்தைப் பார்த்தபோது, இந்தக் கை இத்தனை நாள் தன் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டிருந்ததா என்று சகாயராஜுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது.

ஷார்ஜாவுக்கு மறுபடி அழைத்தார்கள். மீரா உசேன் திரைக்கு வந்தார். கார்டின் கட்டத்தில் அறுபத்து நான்கு என்று இருந்தது. அதன் இரைச்சல் இறங்கி, மின்விசிறிச் சத்தமாகிவிட்டது. ஆன்போர்டின் கட்டம் இன்னொரு பக்கம், நாற்பதில், அலட்டிக்கொள்ளாமல் நின்றது.

மேரி திரைச்சீலைக்கு உள்ளே போய்விட்டாள். அப்துல் ஹமீதும் இரண்டு சாட்சிகளும் பெண்கள் கூடத்து வாசலுக்குப் போனார்கள். சகாயராஜால் அங்கே நடப்பதைப் பார்க்க முடியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பன்னிரண்டு அடித் திரையில் இருந்த ஒரு தகப்பன் முகம் மட்டும்தான். முதலில் அந்த முகம் எதையோ தேடியது. பிறகு சட்டென்று நின்றது. இந்த முறை படம் நின்றதால் அல்ல. கண் சிமிட்டல் தெரிந்தது, தாடையின் நடுக்கம் தெரிந்தது. உதட்டை உள்ளே மடக்கிக்கொண்டு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மகளின் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்க்கிறார் என்று கூடத்தில் எல்லோருக்கும் புரிந்தது.

"நஜ்மா" என்றார். "உம்மா நெத்திச்சுட்டி போட்டிருக்கியா? எங்க நிக்காஹ்ல அவ போட்டப்ப இதே மாதிரி ஒரு பக்கமா சாஞ்சுதான் இருந்துச்சு."

திரைச்சீலைக்குப் பின்னால் பெண்கள் சிரிப்பதும் யாரோ விசும்புவதும் ஒன்றாகக் கேட்டது. அப்துல் ஹமீது தொண்டையைச் செருமிக்கொண்டு, மாப்பிள்ளை ஃபாஜிலின் பெயரையும் அவன் தகப்பனார் பெயரையும் அவன் கொடுக்கும் மஹரையும் சொல்லிச் சம்மதம் கேட்டார். ஒன்றும் சத்தமில்லை. திரையில் மீரா உசேன் மெல்லத் தலையை அசைத்தார். "சொல்லும்மா. நான் இங்கதான் இருக்கேன்."

"சம்மதம்" என்ற குரல் உள்ளேயிருந்து வந்தது. நாக்கு நன்றாகவே எழுந்திருந்தது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

மீரா உசேன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். சகாயராஜும் நடையிலிருந்து எழுந்து திரையடிக்குப் போய், தேவையில்லாமல் ஒரு ஒயரைச் சரிசெய்தான். ஹஜ்ரத் பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கையில் துஆ ஓதி முடித்துவிட்டு, கிளம்பும்போது நடையில் நின்று மேஜையை முகர்ந்து பார்த்தார். "என்னப்பா, கம்ப்யூட்டர்லேந்து அத்தர் வாசன வருது?" என்றார். மெஷினின் முதுகிலிருந்து வந்த சூடான காற்று மண்டபம் முழுக்க மணத்துக்கொண்டிருந்தது.

ஆண்கள் கூட்டம் சாப்பிடக் கீழே இறங்கியது. காலி நாற்காலிகளின் முன்னால் மீரா உசேன் மட்டும் திரையில் இருந்தார். யாரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை, அவரும் போகவில்லை. வெறும் நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சகாயராஜ் வழக்கம்போல மேடைப் பக்கத்து ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினான். "இருங்க" என்று நடையிலிருந்து குரல் கொடுத்தாள் மேரி. சற்றுப் பொறுத்து நஜ்மாவின் தாய் ஜன்னத் பீவி ஒரு பாயைக் கொண்டுவந்து திரைக்கு முன்னால் விரித்தாள். பின்னால் நஜ்மா, கல்யாண உடுப்போடு, இரண்டு கையாலும் ஒரு சஹனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், அந்தப் பெரிய தட்டுதான் சஹன். பெண்கள் வருவதைப் பார்த்ததும் சகாயராஜ் எழுந்து நடைக்குள் வந்து கதவை ஒருக்களித்துவிட்டான். வருகிற அவசரத்தில் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: தாயும் மகளும் சஹனின் ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டு, திரையைப் பார்த்த பக்கத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். நஜ்மா ஒரு நல்ல கறித்துண்டாகப் பார்த்து எடுத்து அந்தக் காலிப் பக்கத்தில் வைத்தாள்.

நடையில் மேரி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மெஷினின் பின்னால் போயிருந்தது. பிரித்த சிவப்பு டேப் போட இடமில்லாமல் வளையலில் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"என்ன பண்ற?"

"அத்தர் போட்டதுல கேபிள் லூசா நிக்கிது. விட்டா நழுவுது. நழுவுனா திரையெல்லாம் எடம் மாறி அவரு படம் போயிடும்."

"எவ்வளவு நேரமா புடிச்சிக்கிட்டு இருக்க?"

"அந்தப் பொண்ணு சம்மதம் சொன்னதுலேந்து. அப்ப என் மானிட்டர் விட்டு விட்டு எரிஞ்சுது. ஓடி வந்து புடிச்சேன்."

அரை மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. அவள் அருகில் அவன் உட்கார்ந்தான். கையை மெஷினின் பின்னால் விட்டு, அவள் விரலைத் தேடி, அதன் மேல் தன் விரலை வைத்தான். துளை சூடாக இருந்தது.

"நான் புடிச்சிக்கிறேன். நீ கீழ போயி சாப்புட்டு வா. பந்தியில வெயிட் பண்றாங்க."

"அசைக்காம புடிங்க. அழுத்தாதீங்க, சும்மா தாங்குனாப் போதும்."

"சரி."

அவள் விரலை மெதுவாக உருவிக்கொண்டு, கையை உதறி, எழுந்து போனாள். வளையலில் தொங்கிய டேப்பும் கூடவே போயிற்று. சகாயராஜ் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கதவிடுக்கில் திரையின் ஓரம் மட்டும் அவனுக்குத் தெரிந்தது. ஷார்ஜாவில் யாரோ ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்கள். "எனக்கு உப்பில்லாத கஞ்சிதான்" என்று மீரா உசேன் சொல்ல, இந்தப் பக்கம் நஜ்மா, "பரவாயில்ல வாப்பா, ஆரம்பிங்க" என்றாள். திரையின் ஓரத்தில் அவருடைய கை, கிண்ணத்தை நோக்கி, ஒரு தடங்கலும் இல்லாமல் இறங்கியது.